கீழ்த்தளத்தில் கிடந்த அரை ஜோடிகள்

வீட்டோடு மாப்பிள்ளை என்று ஒருத்தனுக்குப் பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அவன் தலைகீழாக நின்றாலும் அது போகாது. இவனுக்குத் தனி வாசல் உண்டு, தனிச் சமையலறை உண்டு, மின்சார மீட்டர்கூடத் தனிதான். ஆனாலும் மாமியார் வீட்டு மாடியில் குடியிருக்கிறான் என்பதால் தெரு முழுவதற்கும் அவன் மாப்பிள்ளை. இஸ்திரி போடுகிறவர் 'மாப்பிள்ளை சட்டை' என்று தனியாக மடித்து வைப்பார். தபால்காரர் 'மாப்பிள்ளை சார்' என்பார். மனைவி கோபமாக இருந்தால் 'எங்கம்மாவோட மாப்பிள்ளை' என்பாள். கோபம் இல்லாதபோது என்ன சொல்வாள் என்பது தெருவுக்குக் கேட்பதில்லை.

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவன் தலைமை அலுவலகத்தில், குளிரூட்டிய அறையில். அந்த அம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கிளைக் கடைக்கு மேனேஜர். யார் யாருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. உண்மையில் யாரும் யாருக்கும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதில் சுவாரசியம் இல்லாததால் அந்தக் கட்சியில் ஆளும் இல்லை.

இந்தப் பேச்சுக்குப் பயந்தே மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தான். கல்யாணம் ஆனதிலிருந்து மாமியார் கடைக்குள் கால் வைக்கவில்லை. சிபாரிசுக்காரன் என்று பெயர் வாங்கக் கூடாதாம். மழை பெய்தால்கூட அந்தக் கடை வாசலில் ஒதுங்காமல் நாலு கடை தள்ளிப் போய் நனைவான். அவன் போடும் ஷூவைக்கூடப் போட்டிக் கம்பெனியில் வாங்குவதாக ஒரு பேச்சு இருந்தது. அது நமக்கு உறுதியாகத் தெரியாது.

அவன் வேலை என்னவென்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. புரிந்த அளவில் சொன்னால் இப்படி: கம்பெனிக்கு ஊரெல்லாம் கடை. ஒவ்வொரு கடையும் அன்றன்றைய விற்பனையைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிவைக்கும். ஒரு கடை 'கறுப்பு' என்று எழுதும், இன்னொரு கடை 'கருப்பு' என்று எழுதும், மூன்றாவது கடைக்கு அவ்வளவு நேரம் இருக்காது, வெறும் 'க' போட்டுவிடும். முதலாளிக்கோ தன் ஊர்ப்பட்ட கடைகளில் எந்தக் கடையில் எந்தச் செருப்பு ஓடுகிறது என்று காலையில் காபி ஆறுவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதற்காக டேட்டா வேர்ஹவுஸ், அதாவது கணக்குக் கிடங்கு, ஒன்றைக் கட்டிக் கொடு என்று மாப்பிள்ளையிடம் பொறுப்பை விட்டார்கள்.

"கிடங்கா? பூட்டு யார்கிட்ட இருக்கும்?" என்றுதான் முதலாளி முதலில் கேட்டார். செருப்புக் கிடங்கில் வளர்ந்தவர் அவர்.

மாப்பிள்ளை பலகையில் மூன்று கட்டம் வரைந்தான். "மூணு அடுக்கு சார். கீழ்த்தளத்துல கடைங்க அனுப்பினது அப்படியே கிடக்கும். தப்பு, குப்பை, எல்லாம் சேர்த்து. அதை யாரும் தொடக் கூடாது. அதைப் பார்த்து நடு அடுக்குல சுத்தமா ஒரு பிரதி எழுதுவோம். ஒரே பேரு, ஒரே அளவு, ரெண்டு தடவை வந்தது ஒரு தடவை. மேல் அடுக்கு உங்களுக்கு. படமா, கலரா, பார்த்த உடனே புரியும்."

கணக்குப் பிரிவுத் தலைவர் கனைத்தார். செலவு என்று எழுதிய எந்தக் காகிதத்தையும் பாதியாக வெட்டித்தான் திருப்பிக் கொடுப்பார் என்பதால் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி.

"ஒரே சரக்கை மூணு எடத்துல வெச்சுக் காப்பாத்தணுமா? துணி துவைச்சதுக்கப்புறம் அழுக்குத் தண்ணியை யாராவது பாட்டில்ல பிடிச்சு வெப்பாங்களா?"

"நான் சுத்தம் பண்ணும்போது எங்கேயாவது தப்புப் பண்ணியிருந்தா சார்?"

"நீங்க தப்புப் பண்ணுவீங்களா?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தான். "மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு அழுக்குத் தண்ணி?"

மாப்பிள்ளைக்குத் தன் திறமையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, கீழ்த்தளத்தை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. கடைசியில் முதலாளிதான் காப்பாற்றினார். கீழ்த்தளத்தில் மேலும் மேலும் போடலாம், ஆனால் போட்டதை யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாது, கட்டியவனாலும் முடியாது, திறக்கும் சாவி முதலாளி கையில் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பூட்டு என்றால் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

கிடங்கு எழும்பியது. மேல் அடுக்கில் கடைக்கு ஒரு தூண் வீதம் வண்ண வண்ணமாய் நின்றன. முதலாளி காபியை ஆறவிட்டுப் பார்த்தார். எல்லாத் தூண்களும் ஆளுயரத்துக்கு நிற்க, ஓரத்தில் ஒரு தூண் மட்டும் தரையோடு தரையாக, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது. பஸ் நிறுத்தக் கடை. பக்கத்தில் சிவப்பில் இன்னொரு செய்தி: அனுப்பிய சரக்கு ஏராளம், விற்றது சொற்பம், கடையில் இருப்பதும் சொற்பம். நடுவில் போனது எங்கே என்று அந்தச் சிவப்பு எழுத்து வாய்விட்டுக் கேட்கவில்லை. கத்தரி கேட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கடையை மூடுவது பற்றி முடிவெடுப்பதாகப் பேச்சானது. மாமியார் கடை என்பதால் மாப்பிள்ளை பேசினால் ஒரு பேச்சு, பேசாவிட்டால் ஒரு பேச்சு.

அவன் வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் அவனை முந்திக்கொண்டு வந்திருந்தது. தலைமை அலுவலகத்து டெலிபோன் பெண்ணும் மாமியாரும் அவ்வளவு சிநேகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கீழ்வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கும் தட்டு வைத்தார்கள். மாமியாருக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறாது, மரியாதை ஏறும். அன்றைக்கு அது உச்சத்தில் இருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி வேணுமா கேளும்மா" என்றார் மகளிடம். மாப்பிள்ளை எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இருக்கு அத்தை."

"இருக்குன்னு அவங்க சொன்னாச் சரி. நம்ம கண்ணுக்குத் தெரியறதெல்லாம் அவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியணும்னு இல்லையே."

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை மென்றாள்.

"அத்தை, கடை விஷயமா..."

"கடையா? என் கடையில வியாபாரமே இல்லையாமே! காலையில கதவைத் தொறந்தா ராத்திரி சாத்தற வரைக்கும் உக்கார எடமில்லாம ஆள் நிக்குது. அவங்கெல்லாம் யாரு? பஸ்ஸைத் தவறவிட்டவங்களா? இதுல சரக்கு வேற எங்கே போச்சுன்னு கேக்கறாங்களாம். இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல."

"யாரும் உங்களைச் சந்தேகப்படலை அத்தை. அது வெறும் எண்ணு. எண்ணு யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது."

"அப்போ நான்தான் பொய் சொல்றேன்."

"ஐயோ, அப்படியா சொன்னேன்?"

"பரவாயில்ல. வீட்டுக்கு வந்த பிள்ளை. இன்னும் கொஞ்சம் போடும்மா அவங்களுக்கு. கடையை மூடினப்புறம் போட முடியுதோ என்னமோ."

கடையை மூடினால் அந்த அம்மாளுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வரப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சரக்கைத் தின்றுவிட்டாள் என்ற பேச்சோடு கடை மூடினால் அப்புறம் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? கடைசிக் கவளத்தை விழுங்கும்போது அந்த அம்மாளின் கண் கலங்கியதை மாப்பிள்ளை பார்த்துவிட்டான். காரம் என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்குச் சமையலில் காரமே இல்லை.

மாடிக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கு எங்கம்மா கடையில போய் உக்காருங்க."

"ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்க?"

"வீட்ல என்ன சொல்லுவாங்கன்னு முதல்ல யோசிங்க."

சனிக்கிழமை காலையில் அவன் போனான். கல்யாணத்துக்குப் போவது மாதிரி தலை வாரிக்கொண்டு போனதாக எதிர்க் கடைக்காரர் பிறகு சொன்னார்.

கடை சின்னது. மூன்று பக்கமும் கூரை வரை அட்டைப் பெட்டிகள், நடுவில் நீள பெஞ்சு, கால் வைத்துப் பார்க்கச் சரிவான பலகை வைத்த முக்காலிகள், தரையோடு ஒட்டி ஒரு கண்ணாடி. தோல் வாசனையும் புது அட்டை வாசனையும். விற்பனைப் பெண் ஒருத்தி ஏணியில் நின்றுகொண்டு பெட்டிகளைக் கீழே போட, மாமியார் பார்க்காமலே பிடித்தார். உட்கார இடம் இல்லை என்று சொன்னது நிஜம். மாப்பிள்ளை ஒரு முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கினான்.

பெஞ்சில் பெரிய உணவு விடுதிச் சமையல்காரர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். "எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான்மா. இடது கால் உள்ள போக மாட்டேங்குது. அதுக்குப் போற மாதிரி பெரிசா எடுத்தா வலது கால் நழுவுது. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. ஒரு காலுக்கு வலி, இன்னொரு காலுக்குப் பயம்."

"காலைக் குறை சொல்லாதீங்க" என்றார் மாமியார். "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. தம்பி சட்டையை அண்ணனுக்கு மாட்டிவிட்டா கிழியத்தான் செய்யும். இடதுக்கு எட்டு, வலதுக்கு ஏழு. போடுங்க, நடங்க."

சமையல்காரர் போட்டார், நடந்தார், திரும்பி வந்தார். வந்த முகம் போன முகமாக இல்லை. "இப்படியும் குடுப்பாங்களாம்மா?" என்றார்.

"நான் குடுப்பேன்."

மாமியார் பில் மெஷினில் தட்டினார். மாப்பிள்ளை கழுத்தை நீட்டிப் பார்த்தான். எட்டாம் நம்பர், எண்ணிக்கை அரை. ஏழாம் நம்பர், எண்ணிக்கை அரை. கடைசியில் குறிப்பு எழுதும் இடத்தில் முதலாவதுக்கு 'இ', இரண்டாவதுக்கு 'வ'. அந்த மெஷின் காய்கறிக் கடைகளுக்கும் விற்கப்படுவது. அரை, கால் எல்லாவற்றையும் அது சகஜமாக வாங்கிக்கொண்டது.

"அத்தை, அது என்ன அரை?"

"எட்டுல அரை ஜோடி, ஏழுல அரை ஜோடி. சேர்த்தா ஒண்ணு. கணக்குல புலியாமே நீங்க?"

"மிச்சம் இருக்கற அரை?"

மாமியார் கையைக் காட்டினார். பின்பக்க அலமாரியில் ஒற்றைச் செருப்புகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சீட்டு. "இவருக்கு இடது பெரிசு. வலது பெரிசா இருக்கறவர் ஒருத்தர் வராமலா போவார்? போன மாசம் ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் கால் மாத்திப் பொருந்துது. அப்படியே பேச்சாகி, இப்போ சம்பந்தம் பேசறாங்கன்னு கேள்வி."

"எத்தனை பேர் அத்தை இந்த மாதிரி வாங்கறாங்க?"

"இங்க வர்றதுல பாதிக்கு மேல இவங்கதான். ரெண்டு காலும் சமமா இருக்கறவங்க எந்தக் கடைக்கும் போலாம். இவங்க எங்கே போவாங்க?"

நடு அடுக்குக்கு மாப்பிள்ளை எழுதிய சுத்திகரிப்பு விதிகளில் ஒன்று அவன் கண்முன் வந்து நின்று பல்லைக் காட்டியது: ஜோடி எண்ணிக்கை முழு எண்ணாக இல்லாவிட்டால் அது தட்டச்சுப் பிழை, தள்ளிவிடு. எழுதிய அன்று மத்தியானச் சாப்பாட்டில் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவும் வைத்திருந்தான். 'ஏதோ ஒரு கடையில அரை ஜோடி விக்கறாங்களாம்! நொண்டியடிக்கறவனுக்குப் போல!' எந்தக் கடை என்று பார்க்கத் தோன்றவில்லை. குறிப்பு எழுதும் பத்தியையும் வெட்டிப் போட்டிருந்தான். மற்றக் கடைக்காரர்கள் அதில் ஊர்க் கதையெல்லாம் எழுதுகிறார்கள் என்று அலுத்துப்போய்.

"இதை ஹெட் ஆபீஸ்ல சொன்னீங்களா அத்தை?"

முதல் தடவையாக மாமியார் கொஞ்சம் தடுமாறினார். "ஜோடியைப் பிரிச்சு விக்கக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை இருக்கு. பழசு. யாரும் படிக்கறதில்ல. நானும் ஞாபகப்படுத்தலை."

"நல்லா இருக்கு. நீங்களும் சொல்லலை, நானும் கேக்கலை."

"என்ன நல்லா இருக்கு?"

"அத்தை," என்றான் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு முக்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான், உட்கார்ந்து சொல்லும் விஷயமில்லை என்று. "அந்த அரை விற்பனையெல்லாம் குப்பைன்னு தள்ளினது நான்தான்."

கடையில் சத்தம் இருந்துகொண்டுதான் இருந்தது. ஏணி மேல் இருந்த பெண் மட்டும் பெட்டியைப் போடாமல் நிறுத்திக்கொண்டாள். மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "டீ சாப்பிடறீங்களா மாப்பிள்ளை?" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

டீக்குச் சொல்லியனுப்பிவிட்டு, சின்னக் குரலில், "அதெல்லாம் போயிடுச்சா?" என்றார்.

"போகலை அத்தை. தள்ளினது நடு அடுக்குல. கீழ்த்தளத்துல நீங்க அனுப்பினது அனுப்பினபடி கிடக்கு. அதை யாராலும் அழிக்க முடியாது."

"அப்போ எடுங்க! வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே!"

எடுப்பதில் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கடையை மூட முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளை விதியை மாற்றி, மாமியார் தூண் மட்டும் ஜம்மென்று வளர்ந்து நின்றால் யார் நம்புவார்கள்? கத்தரிக்கு அது அல்வா சாப்பிடுவது மாதிரி. அதனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாடியில் உட்கார்ந்து புது விதியை எழுதினானே தவிர, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. எழுத எழுதத்தான் தன் அசல் தப்பு அவனுக்குப் புரிந்தது. ஜோடி என்பது மேல் அடுக்குச் சமாச்சாரம், முதலாளி பார்வைக்கு அழகாக இருப்பது. கடையில் நடப்பது ஒற்றைக் கால் விற்பனை. நடு அடுக்கில் எண்ண வேண்டியது ஜோடியை அல்ல, காலை. இடது இத்தனை, வலது இத்தனை. அப்புறம் மேலே போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்ததைப் பிரிக்கத்தான் முடியாது.

எழுதி முடித்ததும் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. மனைவி கம்ப்யூட்டரை மூடி, அதன் மேல் தலையணையை வைத்து, தலையணை மேல் தானும் சாய்ந்துகொண்டாள். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டுங்க. விழுந்தாலும் எல்லார் முன்னாடியும் விழுங்க" என்றாள். ஆறுதலா, சாபமா என்று அவனுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கத்தரி எழுந்து பஸ் நிறுத்தக் கடைக்கு இரங்கல் வாசிக்கிற மாதிரி ஆரம்பித்தார். மாப்பிள்ளை குறுக்கிட்டு, கடையில் கண்டதையும் தன் தப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"ஆஹா!" என்றார் கத்தரி. "கரெக்டா மூடற அன்னிக்கு, மாமியார் கடைக்குன்னு ஒரு புது விதி. என்ன பொருத்தம்!"

நாலு பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கழற்றினால் நல்லதில்லை.

"விதி எல்லாக் கடைக்கும் ஒண்ணுதான் சார்" என்றான் மாப்பிள்ளை. "இன்னும் ஓட்டலை. என்ன வரும்னு எனக்கும் தெரியாது. கீழ்த்தளம் உங்க பூட்டுல இருக்கு. நான் ஒரு எழுத்தைத் தொட்டிருந்தாலும் அதுல தடம் தெரியும். நீங்களே தொறந்து பாருங்க."

பூட்டு என்றதும் முதலாளி நிமிர்ந்தார். கடவுச்சொல் நினைவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு தரம் தப்பாகி மூன்றாம் தரம் திறந்தது. தன் கிடங்கின் கீழ்த்தளத்தை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

தொட்ட தடம் எதுவும் இல்லை. அதை உறுதி செய்துகொண்டவர் அப்படியே குறிப்புப் பத்தியில் மாட்டிக்கொண்டார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "'மழை. ஆள் இல்லை.' 'டீ வரவில்லை.' 'இந்த ஆள் நாளைக்கே திருப்பிக் கொண்டுவருவான், பாருங்கள்.' 'திருப்பிக் கொண்டுவந்தான்.'" அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "'முதலாளி வந்தார். ஒன்றும் வாங்கவில்லை.'" தொந்தி குலுங்கச் சிரித்தார். "இதையெல்லாமா தூக்கிப் போட்டீங்க? இதுதான்யா நம்ம கம்பெனி!"

பஸ் நிறுத்தக் கடையின் வரிகளும் வந்தன. அரை, அரை, அரை. இ, வ, இ, வ.

மாப்பிள்ளை புது விதியை ஓட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பழைய தூண்கள் எல்லாம் மறைந்து ஒவ்வொன்றாகத் திரும்ப முளைத்தன. தரையோடு கிடந்த தூண் எழுந்தது. இன்னும் எழுந்தது. பாதிக் கடைகளைத் தாண்டி, நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"அரைன்னு யார் வேணாலும் அடிச்சு வெக்கலாம்" என்றார் கத்தரி. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. "வித்தேன்னு எழுதறது ஒண்ணு, சரக்கு சரியா இருக்கறது இன்னொண்ணு. குறைஞ்ச சரக்கு எங்கே?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளைக்கே அது பிடித்திருந்தது. "போன மாசம் உங்க ஆளுங்கதான் அங்கே போய்ச் சரக்கை எண்ணினாங்க சார். அலமாரியில 'ஒற்றை' இத்தனைன்னு எழுதியிருந்தாங்க. அதையும் ஜோடி இல்லைன்னு நான் தள்ளியிருந்தேன். உங்க ஆள் எண்ணினதையும் அன்னிக்கு வரைக்கும் அத்தை வித்ததையும் கூட்டினா, அதுவரைக்கும் செருப்புக் கிடங்கு அனுப்பினதுக்குச் சரியா வரணும். வரலைன்னா மூடிடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது.

சிவப்பு எழுத்து மாறியது. மலைபோலக் காட்டிக்கொண்டிருந்த குறைபாடு ஒன்றாகச் சுருங்கியது. பூஜ்யம் அல்ல, ஒன்று. ஒன்பதாம் நம்பர், பழுப்பு, இடது கால். ஒரே ஒரு கால்.

"அந்த ஒண்ணு?" என்றார் கத்தரி. விடமாட்டார்.

முதலாளி ஒலிபெருக்கியைப் போட்டுக் கடைக்கே டெலிபோன் செய்தார்.

"சொல்லுங்க சார். மூடியாச்சா?" என்றது மாமியார் குரல், கல்லுமாதிரி.

"அதை அப்புறம் பேசலாம்மா. ஒன்பதாம் நம்பர், பழுப்பு, இடது. ஒண்ணே ஒண்ணு குறையுது. எங்கேன்னு தெரியுமா?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும் சார்" என்றார் மாமியார். "கடை வாசல்ல ஒருத்தன் தினமும் வந்து நின்னு நம்ம விற்பனைப் பொண்ணைப் பார்த்து விசிலடிச்சுக்கிட்டு இருந்தான். சொல்லிப் பார்த்தேன். கேக்கலை. கையில அதுதான் இருந்துச்சு. எறிஞ்சேன்."

"பட்டுதா?"

"பட்டுச்சு சார். ஆனா திரும்பி வரலை. அதையும் எடுத்துக்கிட்டு ஓடிட்டான்."

"வலது கால் என்ன ஆச்சு?"

"இங்கேதான் இருக்கு. மறுபடி வந்தான்னா அதையும் குடுக்கலாம்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

கூட்டத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கத்தரியின் உதடுகூட ஒரு பக்கம் கோணியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"கடையை மூடலைம்மா. நல்லா நடத்துங்க. ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு நான் போட்ட அந்தப் பழைய சுற்றறிக்கையைக் கிழிச்சுப் போடச் சொல்றேன்."

"எந்தச் சுற்றறிக்கை சார்?" என்றார் மாமியார், பச்சைப் பிள்ளை மாதிரி.

டெலிபோனை வைத்த பிறகு கத்தரி பேனாவைத் திறந்தார். "எறிஞ்ச அந்தச் செருப்பை எதுல எழுதறது? விற்பனையா, சேதாரமா, விளம்பரமா?"

"கீழ்த்தளத்துல நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றார் முதலாளி. "நடு அடுக்குல என்ன பண்றதுன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிங்க. இனிமே எதையும் தள்ளினா காணாமப் போகக் கூடாது. தள்ளினதுக்குன்னு ஒரு மூலை வேணும், வாராவாரம் யாராவது அதைப் பார்க்கணும். யாராவதுன்னா..." என்று சுற்றிப் பார்த்து, "நீங்கதான்" என்று கத்தரியைக் காட்டினார். அழுக்குத் தண்ணிப் பாட்டில் அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மாமியார் கடையைச் சாத்திவிட்டு வாசலில் நின்றிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்தே தெருவுக்குள் நடந்து வந்தார்கள். இது வரை கண்டிராத காட்சி என்பதால் ஜன்னல்களில் கூட்டம்.

மாமியாருடைய மரியாதை அடியோடு இறங்கியிருந்தது. அதைப் பார்த்தே மாப்பிள்ளைக்கு நிம்மதி வந்தது. "கையில அந்தப் பையைப் பிடியுங்க, சும்மா வீசிக்கிட்டு வர்றீங்களே" என்றார். "நாளைக்குக் கடைக்கு வரணும். உங்க ஷூவைப் பார்த்தேன், வேற கம்பெனி. வெக்கமா இல்ல? ராத்திரி எல்லாரும் கீழே வந்து சாப்பிடுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"சரி அத்தை."

"என் தூண் எங்கே போய் நின்னுச்சு? அந்த டெலிபோன் பொண்ணு சரியாச் சொல்லலை."

மாப்பிள்ளை பெருமையோடு சொன்னான். "பாதிக் கடைக்கு மேல அத்தை! நடுவைத் தாண்டி!"

மாமியார் நின்றுவிட்டார். "நடுவுலதானா?"

"நடுவுக்கு மேல."

"என் கடை நடுவுலயா? இருக்கவே இருக்காது. இன்னும் எதையோ தள்ளியிருக்கீங்க மாப்பிள்ளை. போய் நல்லாத் தேடுங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறினான். ஏறியதும் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தான் என்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.